டேப் ஓடும்போது பேசக் கூடாது

ஸ்கூடாய் ஊரில் இருக்கும் குணா எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் தன்னைத் தானே தலைவராக நியமித்துக்கொண்டவர். சினிமாவில் பாட்டை விட்டுவிட்டு, காட்சிகளுக்குப் பின்னால் ஓடும் வாத்திய இசையை மட்டும் சேர்த்து வைக்கும் பைத்தியங்கள் இருபது பேர் அதில் இருக்கிறோம். போன வாரம் அவர் உத்தரவு போட்டார். "ஆளுக்கு அஞ்சு சிபாரிசு பண்ணுங்க லா. ஆர்கெஸ்ட்ரா பெருசா இருக்கணும். கேட்டா முதுகு சில்லுனு ஆவணும்." முதுகு சில்லிடும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தேன்.

மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை வந்தது. அதற்கடியில் அந்துருண்டை. அதற்கும் அடியில், ஃபேக்டரிகள் நிறைந்த பாசிர் கூடாங்கில் காற்று திசை மாறும்போது வருமே, அந்த ரசாயன நெடி. இத்தனை வருஷம் டின்னுக்குள் அது எப்படித் தங்கும் என்று கேட்காதீர்கள். என் மூக்கின் கற்பனை என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். டின்னுக்குள் நாற்பத்தொரு கேசட்டுகள் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் படத்தின் பாட்டு மட்டும்தான் கேசட்டாக வரும். நாயகி கிணற்றடிக்குப் போகும்போது நாற்பது வயலின்கள் சேர்ந்து நடுங்குமே, அது படத்துக்குள்ளேயே கிடக்கும், கடையில் கிடைக்காது. அதனால் வீடியோ டேப்பை வாடகைக்கு எடுத்து வந்து, டிவி பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, ஸ்டூலின் மேல் கேசட் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்வேன். நேராக வயர் போட்டு எடுக்கலாமே என்று குழுவில் இளசுகள் கேட்கும். எடுக்கலாம்தான். என் ரெக்கார்டரில் வயர் சொருகும் இடம் நான் வாங்கும்போதே உடைந்திருந்தது. யாராவது வசனம் பேசினால் பாஸ் பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்த வேண்டும். பேய்ப் படங்களில்தான் ஆட்கள் குறைவாகப் பேசுவார்கள். என் சேகரிப்பு முழுக்கப் பேயாகிப் போனதற்குக் காரணம் அவ்வளவுதான், பெரிய ரசனையெல்லாம் இல்லை.

இந்த இசைத் துண்டுகளுக்குப் பெயரும் கிடையாது. நாங்களே வைப்போம். என் முதல் சிபாரிசின் லேபிளில் 'கிணறு, ஒத்த வயலின்' என்று எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வயலின் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. கீழே பெரிய வாத்தியங்கள் உரசும், அது காதில் விழுவதற்கு முன் வயிற்றில் தெரியும். நடுவில் ஒரு பஸூன் வரும். எனக்கு இசை எழுதப் படிக்கத் தெரியாது, அதை 'மூக்கடைச்ச நாதஸ்வரம்' என்றே பல வருஷம் எழுதி வைத்தவன். நம்பிக் கேளுங்கள். ஆனால் வீட்டில் யாராவது இருக்கும்போது கேளுங்கள்.

வீடு என்றால் அப்போது எங்களுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. அப்பா அம்மா காஹாங் பக்கம் எஸ்டேட்டிலேயே இருந்தார்கள். ஃபேக்டரி வேலைக்காக வந்த நானும் அக்காவும்தான் அங்கே வாடகைக்கு இருந்தோம். எனக்கு ராத்திரி ஷிஃப்ட், அக்காவுக்குக் காலை ஷிஃப்ட். நான் தூங்கி எழுந்து மத்தியானம் மூன்று மணிக்கு ரெக்கார்டிங் வேலையை ஆரம்பிப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஃபேக்டரி பஸ் அக்காவை இறக்கிவிடும்.

சட்டம் என் சட்டம். டேப் ஓடும்போது பேசக் கூடாது. ஃபேனைப் போடக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கதவிடுக்கில் பார்த்துவிட்டுத்தான் அக்கா உள்ளே வருவாள். சாவிக்கொத்து கிலுங்காமல் உள்ளங்கையில் இறுக்கிக்கொள்வாள். சாப்பாட்டு டப்பாவைத் தரையில் வைக்கும்போது முந்தானையை அடியில் கொடுப்பாள். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, வேர்க்க விறுவிறுக்க, அப்படியே நின்றுகொண்டிருப்பாள். பேய்ப் படம் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. திரையைப் பார்க்க மாட்டாள், என் தலையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் வாய் திறக்காமல் வேலை செய்தவளுக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு மூட்டைக் கதை இருக்கும். நான் திரும்பினால் "ஆச்சா தம்பி?" என்று கண்ணாலேயே கேட்பாள். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். எனக்கு அப்போது என்னவோ பெரிய உத்தியோகம் பார்ப்பதாக நினைப்பு.

அப்புறம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. ஷாமினி பிறந்தாள். குழந்தை தவழ ஆரம்பித்த வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி. மூன்றே நாள். அதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஷாமினியை அவள் அப்பா வளர்த்தார். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் அவளிடமிருந்து போன் வந்தது. "மாமா, எனக்கு அம்மா மொகம் தெரியும். கொரல் தெரியாது. நீங்கதான் எப்பவும் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இருப்பீங்களாமே, அப்பா சொன்னாரு. அம்மா பேசினது ஏதாச்சும் இருக்கா?"

"கல்யாண வீடியோ இருக்கேம்மா" என்றேன்.

"அதுல எல்லாம் சினிமாப் பாட்டுதானே மாமா. அம்மா வாய் மட்டும் அசையுது."

உண்மைதான். நம் ஊர் வீடியோக்காரர்கள் தாலி கட்டுவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை எல்லாவற்றின் மேலும் பாட்டை ஏற்றிவிடுவார்கள். அக்கா அதில் யாரையோ பார்த்து நிறையப் பேசுகிறாள், சிரிக்கிறாள், ஒரு சொல் கேட்காது. தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தொரு கேசட்டில் ஒரு வார்த்தையாவது சிக்காதா என்ற நம்பிக்கைதான்.

என் இரண்டாவது சிபாரிசு 'மாடிப்படி, பத்து செல்லோ'. இதை ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும். பத்து செல்லோக்கள் ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி என்று இறங்கிவரும். அன்றுவரை நான் படியைத்தான் கேட்டிருந்தேன். அக்காவைத் தேடியபோது நிறுத்தங்களைக் கேட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ மூச்சு விடுகிறார்கள். மெதுவாக, எண்ணி எண்ணி, சத்தம் வரக் கூடாது என்று பயந்து பயந்து விடுகிற மூச்சு. அந்த ரெக்கார்டருக்கு இருந்தது ஒற்றை மைக், அதில் இடம் வலம் கிடையாது. ஆனாலும் நான் பட்டப்பகலில், என் சொந்த வீட்டு ஹாலில், இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பயம் இல்லை. திரும்பும்போது யாரும் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை.

இரண்டு வாரம் கேட்டேன். செருப்பைக் கழற்றுவது கேட்கிறது. டப்பா மூடி மெல்ல உட்காருவது கேட்கிறது. ஒரு கேசட்டில் தும்மலை அடக்குவதுகூடக் கேட்கிறது. பேச்சு மட்டும் இல்லை. அவ்வளவு ஒழுங்காக என் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், பாவி.

முப்பத்தெட்டாவது கேசட்டில் கிடைத்தது. குணாவுக்கு நான் இரண்டைத்தான் அனுப்பினேன். இந்த மூன்றாவதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். லேபிளில் 'பங்களா, மழை, முழு கோஷ்டி' என்று இருக்கும். வயலின், குழல், எக்காளம், பெரிய முரசு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கதவு திறக்கும் கணத்தில் சட்டென்று நின்றுவிடும். நான்கு விநாடி ஒன்றுமே இருக்காது. தியேட்டரில் அந்த நான்கு விநாடியில் ஜனங்கள் மூச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பேய் வரும். இசை முடிந்துவிட்டது என்றே யாரும் நினைப்பார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

"தம்பி, இன்னிக்கி..."

"ஷ்ஷ்! பேசாத!"

பிறகு மறுபடி வயலின்கள். அவ்வளவுதான். நாற்பத்தொரு கேசட்டில் அவள் குரல் ஒன்றரை சொல். அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பது என் குரல். இப்போது கம்ப்யூட்டரில் எதையும் கழுவித் துடைத்து எடுக்கலாம் என்பார்கள், நானும் நாள் முழுக்க முயன்று பார்த்தேன். என் 'ஷ்ஷ்'ஷை வெட்டினால் அவளுடைய 'இன்னிக்கி'யும் சேர்ந்து போகிறது. அம்மாவின் குரல் வேண்டும் என்றால் என்னையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று பயமாகவே இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு முழு நாள் யோசித்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

சனிக்கிழமை ஷாமினி வந்தாள். கேசட்டிலிருந்து எடுத்ததை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். உடனே போட்டுக் கேட்பாள் என்று பார்த்தால், "அந்த வீட்டுக்குப் போய்க் கேக்கலாம் மாமா" என்றாள்.

"வீடு இல்லையேம்மா."

"பரவால்ல. எடம் இருக்கும்ல?"

கூட்டிப் போனேன். அந்த வரிசையே இல்லை. தாமானின் கடைசி இரண்டு தெருக்களை எப்போதோ இடித்து வேலி போட்டு, கன்டெய்னர்களை ஐந்தாறு அடுக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாசல் இருந்த இடம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு குத்துமதிப்பில் காரை நிறுத்தினேன். வெயில் கொளுத்தியது. மத்தியானம் மூன்று மணி. ஆள் நடமாட்டம் இல்லை. ஷாமினி போனைக் காரின் ஸ்பீக்கரில் இணைத்தாள்.

மழை, வயலின், முரசு எல்லாம் ஏறி நின்றன. அடைத்த ஜன்னல்களும் நிறுத்திய ஃபேனுமாக அந்த அறையின் நிசப்தம், அந்த அறை இருந்த இடத்திலேயே, கார் முழுக்கப் பரவியது. அக்கா கூப்பிட்டாள். நான் அதட்டினேன்.

ஷாமினி பதிவை நிறுத்தினாள்.

"அம்மா கொரல் இவ்ளோ கனமா இருக்கும்னு நெனைக்கவே இல்ல மாமா."

"ம்."

"அப்புறம் அது... நீங்களா?"

"நான்தாம்மா."

"இன்னிக்கின்னா... என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியலம்மா."

"அதுக்கப்புறம் சொல்லிருப்பாங்கல்ல? டேப் முடிஞ்ச பொறவு?"

"சொல்லிருப்பா. தெனமும்தான் சொன்னா" என்றேன். "நான்தான் கேக்கல."