பரிசோதகர் வரும் நாளில் மட்டும்

பத்திநாதருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மீசைதான் துடிக்கும். 2008ஆம் ஆண்டுப் பனிக்காலம் முழுக்க அது துடித்துக்கொண்டே இருந்தது.

மொன்றியலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சூப்புக்குப் பொறுப்பாக நிற்கிறவர். வேலைக்கும் பிந்தியதில்லை, வரி கட்டவும் பிந்தியதில்லை. நகரசபையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சக்கரநாற்காலி போகிற அளவு வழி வேண்டும்.

நாற்காலி மனைவி றோசாவுடையது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரி வான் வந்து அவரை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும். பத்திநாதர் ஐந்து மணிக்கே எழும்பி பனியை வெட்டி வழி வைப்பார். ஆறேகாலுக்கு நகரசபையின் பனிதள்ளும் வண்டி வரும். தெருவிலிருந்த பனி முழுவதையும் வாரி, அவர் வெட்டிய அதே வழியில் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போகும். வான் சாரதி ஐந்து நிமிடம் பார்ப்பான், கையை விரிப்பான், போய்விடுவான். ஜனவரியில் மட்டும் மூன்று தடவை போய்விட்டான். மூன்றாம் தடவை றோசாவின் கால்கள் வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு தடவை தவறினால் இதயம் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முறைப்பாடு செய்யாமல் இருந்தாரா? ஐந்து முறை செய்தார். மகள் வினோஜா பிரெஞ்சில் தொலைபேசி எடுப்பாள். ஒரு முறைப்பாட்டு இலக்கம் கொடுத்து, இன்ன திகதி பரிசோதகர் வருவார் என்பார்கள். பிறகு ஒன்றும் நடக்காது. திரும்ப எடுத்தால் பழைய இலக்கம் முடிந்துபோனதாம், புது இலக்கம் கொடுப்பார்கள். இலக்கம் கொடுப்பதில் மட்டும் அவர்களுக்குக் குறையே இல்லை.

கடைசியில் பெப்ரவரிச் சபைக் கூட்டத்துக்கே இருவரும் போனார்கள். கேள்விக்கு இரண்டு நிமிடம். வினோஜா கேட்டாள். சபை உறுப்பினர், தேர்தல் நேரம் வீட்டுக்கு வந்து றோசா சுட்ட வடையில் நாலு தின்றவர், பைலைப் புரட்டினார்.

"ஐந்து முறைப்பாடு. ஐந்து தடவையும் பரிசோதகர் போயிருக்கிறார். ஐந்து தடவையும் வழி சுத்தம். அந்தத் தெருவிலேயே சுத்தமான வாசல் உங்களுடையதுதான், மேடம்."

சபையில் சிரிப்பு. வினோஜா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, பரிசோதகர் வாற நாளிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? லீவு போட்டுட்டு விடியவே துப்பரவாக்கினன். வண்டி தள்ளினதையும் திரும்ப வெட்டினன். உப்பும் போட்டன்."

"ஏனப்பா?"

"ஒரு உத்தியோகத்தர் எங்கட வாசலுக்கு வாறார். அந்த மனுசன் பனிக்குள்ளை விழுந்தெழும்பியோ வாறது?"

வினோஜா தலையில் கைவைத்துக்கொண்டாள். மனிதர் நாரி முறிய முறியப் பனி வெட்டி, நகரசபைக்கு ஐந்து நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சபை உறுப்பினருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வியாழக்கிழமை காலை தானே நேரில் வந்து பார்ப்பதாக எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்.

புதன்கிழமை பத்திநாதர் பனி வெட்டும் சவலை நிலவறையில் வைத்துப் பூட்டித் திறப்பை மகளிடம் கொடுத்தார். தன்னை நம்ப அவருக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம், வான் திரும்பிப் போனால் என்ன செய்வது என்பது.

"ஒருக்கால் அவையள் கண்ணாலை பாக்கட்டும்," என்றார் றோசா. "நான் தாங்குவன்."

வியாழன் விடிய ஐந்து மணிக்கு வீடு அதிர்ந்தது. பத்திநாதர் யன்னலால் பார்த்தார். இரண்டு பனிதள்ளும் வண்டிகள், ஒரு லொறி, சவலோடு நாலு பேர். பக்கத்து வீட்டு வாசல்கள் புதைந்தபடியே கிடக்க, இவர் வாசலில் மட்டும் சீமெந்து தெரியும்வரை சுரண்டி உப்புத் தூவினார்கள். ஆறு இருபத்தைந்துக்கு உறுப்பினர் ஒரு படப்பிடிப்பாளனோடு வந்து இறங்கினார். வான் வந்தது. றோசாவின் நாற்காலி ஒரு குலுக்கலும் இல்லாமல் உருண்டு போய் ஏறியது.

"பார்த்தீர்களா?" என்று உறுப்பினர் கைகளை விரித்தார்.

பத்திநாதரின் மீசை துடித்தது. பெரிய மனிதர் வருகிறார் என்று வாசல் துப்பரவாக்குகிற பழக்கம் தனக்கு மட்டுமில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"சனிக்கிழமையும் இவரை வரச் சொல்லு, பிள்ளை. செவ்வாயும் வரச் சொல்லு. இவர் வாற நாளெல்லாம் வழி இருக்கும்."

வினோஜா சொன்னாள். உறுப்பினர் சிரித்தார். சனிக்கிழமை விடுமுறை நாள் அல்லவா, அலுவலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

"சனிக்கிழமையெண்டாப்போலை அம்மாவின்ர கிட்னி வேலை செய்யத் தொடங்காது எண்டு சொல்லு."

வினோஜா ஒரு சொல் விடாமல் சொன்னாள். படப்பிடிப்பாளன் கமராவை இறக்கினான்.