அமாவாசைதோறும் உடைத்த பூசணி

சிங்காநல்லூரில் லோகப்பிரியாவின் வீட்டுக்கும் அவள் வேலை பார்த்த பட்டறைக்கும் நடுவே ஒரு சந்துதான். மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ் அங்கே விழுந்தால் இங்கே சன்னல் அதிரும். ஆவணியில் அந்த பிரஸ் அவளுடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. யாராவது கேட்டால் பத்தொன்பது என்று சொல்லப் பட்டறையில் சொல்லியிருந்தார்கள்.

நான் அவளுடைய பெரியம்மா மகன். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். முதலில் அவள் முகம் சுளிக்கும். அதற்கப்புறம்தான் பிரஸ் விழும் சத்தம் வரும். நெட்வொர்க் கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் ஊருக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் அதே வரிசைதான்.

"இல்லாத விரலு மடங்குதுண்ணா. மடங்குனா ஒடனே அது விழுது," என்றாள். "இப்ப அதுல மௌனிகா உக்காந்திருக்கா. என்னைய விடச் சின்னப் புள்ள."

"அன்னைக்கும் தானாத்தான் விழுந்துச்சா? ஓனர்கிட்டச் சொன்னியா?"

"பெடலை மிதிச்சாத்தான் விழோணும்; நா மிதிக்கவே இல்லீன்னு சொன்னேன். போனைப் பாத்துட்டே மிதிச்சுப்போட்டேன்னு ஓனர் எழுதிக் குடுத்துட்டாரு. விசாரிக்க வர்றவங்களும் அதையே நம்பிட்டா மௌனிகா அங்கியேதான் உக்காந்திருப்பா."

திங்கட்கிழமை காலை விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை ஆய்வாளர் பட்டறைக்கு வந்தார். லோகப்பிரியாவையும் வரச் சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன். முதலாளி அரங்கசாமி வாசலுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் தினமும் வந்து பார்த்த மனிதர்.

"வா அம்மணி, புண்ணு ஆறிப்போச்சா?" என்றவர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "தங்கமான புள்ளைங்க. போனுதான் கெடுத்துருச்சு."

பிரஸ்ஸுக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு சுவரோரம் சாய்ந்திருந்தது. உற்பத்தி குறையுதென்று கழற்றியதாம். மௌனிகா தகட்டை வைப்பதும் கையை இழுப்பதுமாக இருந்தாள்.

"மெஷின்ல முன்னாடி ஏதாவது கோளாறு வந்துச்சுங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அரங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நா ஒரு கொறையும் வெக்கிலீங்க. தை மாசம் யாரும் மிதிக்காமயே ஒருக்கா விழுந்துச்சு. அன்னீலருந்து அமாவாசை தவறாம பூசணிக்கா உடைச்சுட்டுத்தான் சுவிட்சையே போடறமுங்க. இருந்தும் இந்தப் புள்ளைய அடிச்சுப்போட்டுது. நா என்னங்க பண்றது?"

"தை மாசத்துலருந்துங்களா?"

"நம்பிக்கை இல்லீன்னா பாருங்க." அவரே போய்ச் சுவர்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அமாவாசை மேலும் குங்குமத் தீற்றல்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?"

"அது மெக்கானிக் பாக்கற சமாச்சாரம் இல்லீங்களே!"

ஆய்வாளர் காலண்டரைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "தானா விழுதுன்னு தெரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க. பொறுப்பு உங்களோடதுங்க. பதினெட்டு முடியாத புள்ளைய, பழக்காம, பக்கத்துல ஆள் நிக்காம இதுல உக்கார வெச்சதும் உங்க தப்புத்தான். மௌனிகா, எந்திரிம்மா."

சுவிட்சை அணைத்தார்கள். மோட்டார் சத்தம் அடங்கியது; பக்கவாட்டுப் பெரிய சக்கரம் மட்டும் ஓடிய வேகத்திலேயே எண்ணெய் மினுங்கச் சுற்றிக்கொண்டிருந்தது. பெடலுக்கு அருகில் ஒருவரும் இல்லை. மௌனிகா பாதி வைத்துவிட்டு எழுந்த தகடு அப்படியே கிடந்தது. அதை எடுக்க அரங்கசாமி கையை நீட்டினார்.

"ஓனரே, இப்ப விழுது!" என்று லோகப்பிரியா கத்தினாள்.

அவர் கையை இழுத்தார். பிரஸ் விழுந்தது.

சக்கரம் மெல்ல நின்றது. அரங்கசாமி தன் கையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பெடலை ஒரு முறை பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், குனிந்து எழுதினார்.

"இதையும் எழுதோணுமுங்களா?" என்றார் அரங்கசாமி.

"எழுதியாச்சுங்க. கையெழுத்துப் போடுங்க."