கப்பலின் இடப்பெயர்வு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் கணவர் ஹம்பேர்க்கில் எங்கள் குசினி மேசையில் ஒரு போர்க்கப்பலின் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். ஒருநாளும் கடலில் இறங்காத, இறங்கப்போகாத கப்பல். மேசையில் இடமில்லாமல் நான் கோப்பையை மடியில் வைத்துச் சோறு தின்ற காலம் அது.

எல்லாம் கீழ்வீட்டு ஜெர்மன்காரரால் வந்தது. கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனுசன். சின்னச் சின்னக் கப்பல்கள் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைப்பார். இருந்த கப்பல்களையெல்லாம் செய்து முடித்தபிறகு அவருக்கு இல்லாத கப்பலில் ஆசை வந்துவிட்டது. முதலாம் உலகப்போருக்குக் கொஞ்சம் முந்தி, ஜெர்மன் கடற்படை கட்டியிருக்கக்கூடிய, ஆனால் கட்டாமல் விட்ட ஒரு பெரிய குரூசர் போர்க்கப்பல். என் கணவர் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் வரைபடம் கீறியவர் என்பது படிக்கட்டுக் கதையில் அவர் காதில் விழுந்தது. கீறித் தரச் சொல்லிக் கேட்டார், பிடித்தது சனியன்.

நான் விடிய முதல், ஆட்கள் வேலைக்கு வருவதற்குள், கந்தோர்கள் கூட்டித் துடைத்துவிட்டு, பிறகு ஓர் ஆசுப்பத்திரியின் சலவைப் பகுதிக்குப் போவேன். அவர் பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவுவார். இரண்டு பேரும் வீட்டில் நிற்கிற கொஞ்ச நேரத்தையும் அந்தக் கப்பல் தின்றது. வீங்கின காலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். அப்போது பார்த்துக் கேட்பார்:

"இஞ்சாரும், கவசத்தைக் குறைக்கிறதோ, பீரங்கியைக் குறைக்கிறதோ?"

"முதல்ல வாயைக் குறையுங்கோ."

மனுசன் விடமாட்டார். இங்கிலீஷ்காரன் பெரிய பீரங்கி வைத்துக் கவசத்தை மெல்லிசாக்கினானாம். ஜெர்மன்காரன் கவசத்தைத் தடிப்பாக வைத்துச் சின்னப் பீரங்கியோடு நின்றானாம். இவருக்கு இரண்டும் வேண்டும், வேகமும் வேண்டும். பீரங்கியைப் பெருப்பித்தால் நிறை கூடும். நிறை கூடினால் கப்பல் தாழும். தாழ்ந்தால் துறைமுகத்துக்குள் வராது. இப்படியே அழித்து அழித்துக் கீறியதில் மேசையெல்லாம் அழிறப்பர்த் தூள். எங்கள் நாட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர், ஆரோ தோற்றுப்போன சண்டைக்குக் கப்பல் கட்டுகிறார் என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும். சண்டை பிடிக்கவும் உடம்பில் தெம்பிருக்காது.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆமி யாழ்ப்பாணத்தை நோக்கி வரத் தொடங்கியது. அம்மா இணுவிலில் தனியே இருந்தா. அங்கே தொலைபேசி இல்லை. கொழும்பில் இருந்த தம்பிக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா வீட்டில் இருக்கிறாவோ, வெளிக்கிட்டுவிட்டாவோ, உயிரோடுதான் இருக்கிறாவோ என்ற நினைப்போடுதான் நான் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்தேன்.

ஒருநாள் வேலையால் வந்தபோது அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில், வருகிற செய்திகளைக் குறித்துவைக்கும் விளம்பரத்தாளின் பின்பக்கத்தில், அவருடைய எழுத்து:

இடப்பெயர்வு 28,000. இப்ப 31,000. இன்னும் கூடும்.

தாளைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். ஆரோ தொலைபேசியில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், சனம் வெளிக்கிட்டுவிட்டது என்றுதான் விளங்கியது. உணவகத்துக்கு எடுத்தால் முதலாளி கத்துவான். பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க்கடை வைத்திருந்த அக்காவுக்கு எடுத்து அழுதேன். அக்காவுக்குச் சொன்னால் ஹம்பேர்க்குக்கே சொன்ன மாதிரி. பொழுதுபடுவதற்குள் எங்கள் வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை.

"வலிகாமம் வடக்குச் சனமாத்தான் இருக்கும்," என்றார் ஓர் அண்ணை.

"மழைக்காலமெல்லே, எங்கை போய் ஒதுங்குதுகளோ," என்று அக்கா மூக்கைச் சிந்தினா.

என் கணவர் வந்து சப்பாத்துகளைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. ஆர் எடுத்துச் சொன்னது? எந்த ஊர்ச் சனம்?" என்று தாளை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, இது கப்பலின்ரை."

"கப்பலிலையோ போகுதுகள்?" என்றா அக்கா.

"இல்லை அக்கா. கப்பல் மிதக்கேக்கை தள்ளுற தண்ணியைத்தான் இடப்பெயர்வு எண்டுறது. அதின்ரை நிறைதான் கப்பலின்ரை நிறை. தொன் கணக்கு. பீரங்கியை மாத்தினதாலை கூடிப்போச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தா. பிறகு ஆரோ சிரித்தார்கள். அண்ணை எழும்பிவிட்டார். "சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்குது. நீர் இஞ்சை தண்ணி நிறுக்கிறீர் என்ன?"

எல்லாரும் போனபிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கோதாரி விழுந்த கப்பல் என்றேன். அடுப்பில் வைக்கிறேன் என்றேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"பள்ளிக்கூடத்திலை பௌதிகத்துக்குத் தந்த சொல்லப்பா அது. எனக்கு வேறை சொல் தெரியாது," என்றார்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கோபத்தை விட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஒருத்தரும் வெளிக்கிடவில்லை, வெறும் தண்ணீர்தான். அம்மா வீட்டில்தான் இருக்கிறா. கன நாளைக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டேன்.

கொஞ்ச நாளில் அக்கா எடுத்தா. "கேள்விப்பட்டனியே? சனம் முழுக்க இடம்பெயர்ந்திட்டுதாம்."

"என்னக்கா, கப்பல் கதையோ?" என்று சிரித்தேன்.

"இல்லையடி பிள்ளை. இது சனம்."

இணுவிலும் யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டிருந்தது. மழைக்குள், ஒரே ஒரு தெருவால், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி. அதில் அம்மா எங்கே என்று சொல்ல ஆளில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். அவர் கப்பலைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் திரும்பவும் தாளை விரித்தார்.

"கையைச் சும்மா வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு. விசர் பிடிக்கும் போலை," என்றார்.

கீறட்டும் என்று விட்டேன். பென்சில் உரசும் சத்தமாவது வீட்டில் கேட்டது.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவின் குரல்தான், ஆனால் சத்து இல்லாத குரல். எனக்கு அழுகைதான் வந்தது. பாலத்தில் அடி அடியாக நடந்ததாம். கொடிகாமத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்ததாம். பிறகு கிளாலியால் கடலேரியைத் தோணியில் கடந்ததாம். கூட வந்த சனம் இன்னும் மரத்துக்குக் கீழேதான் கிடக்குதாம்.

"அவர் என்ன செய்யிறார், பிள்ளை?"

களைப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன். "கப்பல் கீறுறார் அம்மா."

"கப்பலோ?" குரலில் திடீரென்று ஓர் உசார். "பெரிசோ? எத்தினை சனம் ஏறலாம்?"

அவர் பக்கத்தில்தான் நின்றார், கேட்டுவிட்டது. எத்தனை மாலுமிகள், எந்தத் தட்டில், எங்கே படுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். நான் வாயைத் திறக்குமுன் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

"எல்லாரும் ஏறலாம் மாமி," என்றார். "இடமிருக்கு."