நாற்பத்தொரு பன்றித்தொடைகள்

ஆர்வில் ஸ்டக்கி பதினாறு வருடம் பேஸ்பால் ஆடினார். எல்லாம் சிறு ஊர் அணிகளுக்கு. பெரிய லீக்கில் ஒரே ஒருமுறை ஐந்து நாள் இருந்தார். ஐந்து நாளும் மழை.

நியூ மெக்ஸிகோவில் எங்கள் கால்டர் வெல்ஸுக்கு 1953இல் வந்தபோது வயது முப்பத்தேழு. உயரத்தில் இருக்கும், காற்று லேசான ஊர்; பந்து தூரம் பறக்கும். அவர் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பஞ்சுக்கிடங்கின் கூரையில் விழும். தாண்டிவிட்டால் ஓட வேண்டியதில்லை, நடந்தே ஒரு சுற்று வரலாம். அப்படித் தாண்டும் ஒவ்வொரு பந்துக்கும் கசாப்புக்கடை கோல்ப் ஒரு வேகவைத்த பன்றித்தொடை கொடுப்பார்.

வீட்டில் ஐஸ்கட்டி வைக்கும் சின்னப் பெட்டிதான். ஜூலைக்குப் பிறகு தொடையும் கையுமாக வரும் ஆர்வில் மனைவி வெர்னாவுக்குப் பக்கத்து வீட்டார் கதவு திறப்பதில்லை.

“இன்னொரு தொடை இந்த வாசப்படி ஏறிச்சுன்னா நான் டல்சாவுல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்,” என்றாள் வெர்னா. “ஃப்ரிட்ஜோட வா. இல்லேன்னா வராத.”

ஃப்ரிட்ஜும் மைதானத்திலேயே இருந்தது. வலது வேலியில் டைக்ஸ்ட்ரா கடையின் விளம்பரப் பலகை: ‘பந்து நேராக இதில் பட்டால் ஒரு ஃப்ரிட்ஜ்.’ அதன் பின்னால் உட்கார்ந்து ஸ்கோர் எண் மாட்டுபவன் நான். கோடை முழுக்க ஆர்வில் பலகையைக் குறிவைத்தார். எல்லாம் என் தலைக்கு மேலே போயின.

கடைசி ஆட்டம். அடுத்த வருடத்துக்கு அவரை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் வரிசையில் வெர்னா பயணப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். முதல் அடியே வேலியைத் தாண்டியது. நாற்பத்தொன்றாவது தொடை. வெர்னா பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எட்டாவது இன்னிங்ஸில் அவருடைய கடைசி வாய்ப்பு. என் முகத்துக்கு நேரே டமாலென்று சத்தம். மாட்டியிருந்த ஏழாம் எண் தகடு கீழே விழுந்தது. பலகையில் பட்டுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவது வரை ஓடியிருப்பார்கள். ஆர்வில் பதினாறு வருடப் பழக்கப்படி தலை குனிந்து, தொப்பியைத் தொட்டு, மெதுவாக நடை போட்டார்.

“ஓடுடா மாடு, பந்து உள்ளதான் இருக்கு,” என்று கூட்டம் கத்தியது. அவர் கையசைத்தார். பந்து அவருக்கு முன்பே முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அவுட்.

கடைக்காரர் டைக்ஸ்ட்ரா மேல் வரிசையிலிருந்து வெர்னாவிடம் இறங்கி வந்தார். “அவுட்டானவருக்கு எப்படிம்மா ஃப்ரிட்ஜ் தர்றது?”

“பலகைய நீங்கதான எழுதுனீங்க?” என்றாள் வெர்னா. “பந்து படணும்னு இருக்கு. இவரு ஓடணும்னு எங்க இருக்கு? இவரு ஓடி நானே பாத்ததில்ல.”

டைக்ஸ்ட்ரா பலகையை இரண்டு முறை படித்தார். எதிரணியே அவள் பக்கம் சேர்ந்து சிரித்தது.

மறுநாள் ஃப்ரிட்ஜ் வந்தது. நாற்பத்தொன்றாவது தொடையை முந்தின இரவே அணியினர் தின்று தீர்த்திருந்தார்கள். சீசனும் முடிந்துவிட்டது. வெர்னா காலி ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“ஆர்வில்,” என்றாள், “கோல்ப் கடை எத்தன மணி வரைக்கும் இருக்கும்?”