தூக்குக்குண்டு தொலைந்த லீவு

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் குளியலறையின் மூன்று சுவர்களுக்கு ஒரே வயது. நாலாவது சுவர் இரண்டு வருஷம் இளையது. மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டதால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷத் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா துபாயில் கொத்தனார். மயிலாடுதுறையிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் எங்கள் ஊர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். அந்த நாற்பத்தைந்து நாளும் எனக்குத் தீபாவளி. மற்ற நாட்களெல்லாம் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும் நாட்கள். வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை, அன்றைக்குத்தான் போன் வரும்.

எனக்கு எட்டு வயதானபோது ஒரு வைகாசிக் கடைசியில் வந்தார். பெட்டியைப் பிரிப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“ஊரான் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் போட்டு பாத்ரூம் கட்டிக் குடுக்குறீங்க. நான் விடியறதுக்குள்ள எழுந்திரிச்சு கீத்து மறைப்புல குளிக்கிறேன். காத்தடிச்சா ஒரு கையால மறைப்பைப் புடிச்சுக்கணும், ஒரு கையால தண்ணி மொண்டு ஊத்திக்கணும். சோப்பு எந்தக் கையால போடுறது, சொல்லுங்க?”

அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் மறுநாளே செங்கல் வந்து இறங்கிவிட்டது. அடி பம்பு பக்கத்தில், துவைக்கிற கல்லுக்கும் வாழை மரத்துக்கும் நடுவே இடம் குறித்தார். குளிக்கிற தண்ணீர் வாழைக்கே போகிற மாதிரி சின்ன வாய்க்கால்கூட வரைந்தார். சித்தாள் வேலைக்கு என் மாமா, அம்மாவின் தம்பி. வேலையைவிட வாய் அதிகம் அவருக்கு. ஒரு சட்டி மணல் சலிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சலித்துவிடுவார்.

அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்கு அப்பாவிடம் கேட்டேன், “எப்பப்பா போவீங்க?”

வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கேள்வி! ஆனால் வெளிநாட்டுக்காரன் பிள்ளைக்கு அதுதானே முதல் கேள்வி.

“இதைக் கட்டி முடிச்சிட்டுத்தான் போவேன் தங்கம்” என்றார்.

பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் தப்பிப்பதற்கு ஒரு சந்து விட்டுத்தான் சொல்வார்கள் என்பது எட்டு வயதில் யாருக்குத் தெரியும்? முடித்துவிட்டுத்தான் போவார் என்றால், முடியாவிட்டால் போகமாட்டார். நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு சரியாக எதையும் கண்டுபிடித்ததில்லை.

முதலில் நூலை எடுத்தேன். வரிசை பிசகாமல் செங்கல் வைப்பதற்காகக் குறுக்கே இழுத்துக் கட்டும் நூல். வைக்கோல் போருக்குள் கை போகிற ஆழத்துக்குச் செருகிவிட்டேன். அப்பா தேடினார், மாமா தேடினார், நானும் ரொம்பக் கவலையோடு தேடினேன். மாமா கடைத்தெருவுக்குப் போய் வேறு நூல் வாங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விட்டது. நாலு நாள் கழித்துச் சாந்து பூசும் கரண்டி. அதை மாட்டுக் கொட்டகையில் எருமுட்டைக் கூடைக்கு அடியில் வைத்தேன். அப்புறம் ரசமட்டம். உள்ளே பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி ஓடுமே, அந்த மட்டக்கோல். அதை ஒளிப்பதற்கு முன்னால் சாய்த்துச் சாய்த்து விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் ஒளித்தேன்.

ஒவ்வொரு சாமானும் தொலைந்த அன்றைக்கு வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வேலை ஓடாது. அப்பா கைகால் கழுவிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். குளங்கள் வற்றுகிற சமயம், விரால் மலிவாகக் கிடைத்தது. அம்மா சாம்பல் போட்டு மீன் உரசுவாள், அப்பா வெங்காயம் உரித்துக் கொடுப்பார். வெங்காயம் உரிக்கத் தெரியாத மனுஷன்! பாதி வெங்காயம் தோலோடு போய்விடும். “சுவத்துல பூச்சு பேக்குற மாதிரி பேக்காதீங்க” என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே சிரிப்பாள். அம்மா அப்படிச் சிரிப்பவள் என்பதே எனக்கு அந்த லீவில்தான் தெரியும். மற்ற நாட்களில் அவளுக்கு அதற்கு நேரம் இருந்ததில்லையோ, ஆள் இருந்ததில்லையோ.

என்னதான் ஒளித்தாலும் சுவர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்று சுவர்கள் தலைக்கு மேல் எழும்பிவிட்டன. நாலாவது சுவர் அம்மாவின் இடுப்பளவு வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. அன்றைக்குக் காலையில் தூக்குக்குண்டைக் காணோம்.

சுவர் சாயாமல் நேராக எழும்புகிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு அது. அப்பாவுடையது பித்தளை. தொழில் பழகியபோது வாங்கியது. துபாய்க்குப் போகும்போதுகூடப் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துப் போவார். அதில் கைவைக்க எனக்கே பயம். நான் அதை எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை.

“வடக்குத் தெரு மேஸ்திரிகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வரட்டுமா மச்சான்?” என்றார் மாமா.

“அடுத்தவன் குண்டை வச்சுக் கட்டுனா சுவரு அடுத்தவன் பேச்சைத்தான் கேக்கும்” என்றார் அப்பா. “என் குண்டு வரட்டும்.”

இப்படி ஒரு பிடிவாதத்தை நாங்கள் அவரிடம் பார்த்ததே இல்லை. தேடுகிறேன் தேடுகிறேன் என்று ஒரு நாள் பரணையில் ஏறிப் பழைய போட்டோக்களை எடுத்து வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து அவற்றைப் பார்த்ததில் பொழுது போய்விட்டது. இன்னொரு நாள் கொட்டகையில் தேடப் போய், அங்கிருந்த சைக்கிளைத் துடைத்து என்னை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைவரை போய் வந்தார். காவிரியில் அப்போது மணல்தான் இருந்தது. “இன்னும் கொஞ்ச நாள்ல தண்ணி தொறந்துடுவான்” என்றார். தண்ணீர் வரும்போது நீங்களும் இருப்பீர்கள் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மாமா பொறுமையிழந்தார். “இது சும்மா தொலையல மச்சான். நூலு, கரண்டி, மட்டம், இப்பக் குண்டு. பக்கத்து ஊருல ஒருத்தரு வெத்தலையில மை தடவிப் பாக்குறாரு. எடுத்தவன் மூஞ்சி அப்படியே தெரியும்.”

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. வெற்றிலையில் ரெட்டை ஜடையோடு என் முகம் தெரிவது கண்ணெதிரே வந்தது. நல்லவேளை, என்னைக் காப்பாற்ற அம்மா பாய்ந்து வந்தாள்.

“மையாம் மை! ஒரு குண்டுக்கு மை போடப் போறானாம். எவனையும் இங்க கூட்டிட்டு வராத, சொல்லிட்டேன். போயி மணலைச் சலிடா!”

அப்படி ஒரு கோபம். மாமாவே மிரண்டுபோனார். அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் மாமாவை நம்ப முடியாது. அன்று மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் நூல், கரண்டி, ரசமட்டம் மூன்றையும் எடுத்து வந்து துவைக்கிற கல்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் பாயில் வந்து படுத்துக்கொண்டேன். எழுந்ததும் அப்பா பார்த்தார். நூலில் வைக்கோல். கரண்டியில் எருமுட்டைத் தூள். என் பாவாடையிலும் இரண்டும்.

“குண்டு எங்க தங்கம்?” என்றார் மெதுவாக.

“அதை மட்டும் நான் எடுக்கலப்பா” என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னவன் கதைதான்.

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து முதுகில் இரண்டு வைத்தாள். “எங்கடி வச்ச குண்டை? சொல்லுடி!” நான் அழுதுகொண்டே சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியவள் அப்படியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அடித்ததும் அவள், அழுததும் அவள். என்னை அடித்துவிட்ட துக்கம்தான் என்று எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது.

குண்டு கிடைக்கவே இல்லை. ஆடி பிறந்து மூன்றாம் நாள் திருச்சி விமான நிலையம் போக வேன் வந்து நின்றது. தெருவே வந்து வழியனுப்பியது. எல்லோர் கண்ணும் கலங்கியிருக்க, நான் மட்டும் கல் மாதிரி நின்றேன். சுவர்தான் முடியவில்லையே, எப்படிப் போவார்? பெட்டியை ஏற்றினார்கள். அப்பா அம்மாவிடம் ஏதோ சொன்னார். அவர் வேனில் கால் வைத்த பிறகுதான் போகப்போகிறார் என்று நம்பினேன். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாத்ரூம் இன்னும் முடியலையேப்பா!”

அப்பா என் உச்சந்தலையில் கையை வைத்தார். எடுக்கிற மாதிரி தெரியவில்லை. மாமாதான் எடுத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அம்மா இடுப்பளவுச் சுவர் மேல் பழைய கீற்றையே கட்டிக்கொண்டு பழையபடி குளித்தாள். கூரையில்லாத மூன்று சுவருக்கு மேலே மூங்கிலைப் போட்டுக் கயிறு கட்டி, சுவர் ஓரமாகப் புடலை விதை ஊன்றினாள். கொடி சீக்கிரமே மேலே பரவிக் கூரையாகிவிட்டது. புரட்டாசியில் காய் தொங்க ஆரம்பித்தது. புடலங்காய் சுருண்டு போகாமல் நேராக வளர வேண்டுமென்றால் அதன் நுனியில் ஒரு சின்னக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள், எங்கள் பக்கத்தில் எல்லாக் கொல்லையிலும் பார்க்கலாம். அம்மாவும் கட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கப் போன நான் அண்ணாந்து பார்த்தேன். எல்லாக் காயிலும் கல். இருப்பதிலேயே நீளமான காயில் மட்டும் அப்பாவின் பித்தளைக் குண்டு.

“அம்மா! குண்டு!”

“ம்ம். கெடைச்சுது” என்றாள் அம்மா, துணியைக் கும்மிக்கொண்டே. “அரிசி டிரம்முல கெடந்துச்சு.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திருட்டுப்பட்டம் போயிற்றே! அன்று போன் வந்ததும் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

“அப்பா! குண்டு கெடைச்சிடுச்சுப்பா! அரிசி டிரம்முல இருந்துச்சாம். அம்மா புடலங்காய்க்குக் கட்டி வச்சிருக்காங்க!”

அப்பா ஒரு தரம் திருப்பிக் கேட்டார்.

“அரிசி டிரம்முலயா?”

“ஆமாப்பா. சத்தியமா நான் வைக்கல.”

“தெரியும் தங்கம். அம்மாகிட்ட குடு.”

அம்மா போனை வாங்கிக்கொண்டு அந்த அரைகுறைக் குளியலறைக்குள் போய்விட்டாள். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். கீற்று இடுக்கில் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த லீவில் அப்பா அந்தக் குண்டை வைத்து நாலாவது சுவரை எழுப்பிக் கூரையும் போட்டார். எல்லாம் சேர்த்து நாலே நாள்.

அரிசி டிரம்முடைய மூடி அப்போது என் தலைக்கு மேல் இருந்தது, அம்மாவைத் தவிர வீட்டில் யாரும் அதைத் திறந்ததில்லை என்பதெல்லாம் எனக்குத் தாவணி போட்ட வயதில்தான் உறைத்தது. எனக்காக என்று நினைத்த கோபமும், என்னை அடித்ததற்காக என்று நினைத்த அழுகையும் யாருக்காக என்று அப்போது புரிந்தது. அம்மாவைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அப்பா இல்லாமலும் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் சென்னையில் என் வீட்டு அடுப்படியில் அலமாரி அடிக்கத் தச்சர் ஒருவர் வந்தார். சாமான் பையைத் துழாவிவிட்டு, “ஒரு பூட்டு இருந்தா குடுங்க மேடம்” என்றார். கொடுத்தேன். பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுவரில் கோடு போட்டார்.

“தூக்குக்குண்டு கொண்டு வரலையா?”

“மறந்துட்டேன். அதனால என்ன மேடம்? பூட்டு கட்டலாம், கல்லு கட்டலாம். எதைக் கட்டுனாலும் நேராத்தான தொங்கும்.”

கையிலிருந்த டம்ளரை மேடையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அவள் கொல்லையில்தான் இருந்தாள். அடி பம்புச் சத்தம் கேட்டது.

“அம்மா, அன்னிக்கு அப்பா ஒரு கல்லைக் கட்டியே அந்தச் சுவரை முடிச்சிருக்கலாம்ல?”

பம்புச் சத்தம் நின்றது.

“இது உனக்கு இப்பத்தான் தெரியுதா?” என்றாள் அம்மா. “கொத்தனார் பொண்டாட்டிக்கு அப்பவே தெரியாதா? குண்டை ஒளிச்சு வச்சுட்டு அடுப்படி சன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இப்பக் கல்லைக் கட்டுவாரு, இப்பக் கட்டுவாருன்னு. அவரு காலடியிலயே அவ்வளவு கல்லு கெடந்துச்சு.”

பம்புச் சத்தம் மறுபடியும் இரண்டு தடவை கேட்டது.

“பன்னெண்டு நாளும் பாத்தேன்” என்றாள். “கட்டவே இல்லடி.”