மூன்று முறை சொன்ன பிறகு

இது நடந்தது. எனக்கு நடந்தது. ஆபீஸில் ஆறு முறை எழுதிக் கொடுத்தேன். ஆறு முறையும் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன்... தமிழில்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருடமாக இதே வேலை. கூட வேலை செய்பவர் என் அக்கா வீட்டுக்காரர், மச்சான். ஒருவர் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பார். இன்னொருவர் மொட்டை மாடியில் உள்ள மோட்டார் அறையில், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நிற்பார். கூரைமேல் இருப்பவர் இறங்கி வெளியே வந்ததும் வாக்கிடாக்கியில் 'வந்துட்டேன்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் செல்லாது. இரண்டு முறை சொன்னாலும் செல்லாது. மூன்றாவதற்குப் பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்கலாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஏழு மாடி அலுவலகக் கட்டிடம். ஆள் நடமாட்டம் இல்லை. மச்சான் கூரைமேல். நான் மோட்டார் அறையில். மதியம் சரியாக 2:17. வாக்கிடாக்கி கரகரத்தது.

"வந்துட்டேன். வந்துட்டேன். வந்துட்டேன்."

மச்சான் குரல். ஸ்விட்சைப் போட்டேன்.

லிஃப்ட் குழிக்குள்ளிருந்து ஓர் அலறல்...

அணைத்தேன். கூண்டு நாலடி ஏறியிருந்தது. இன்னும் மூன்றடி ஏறியிருந்தால் மச்சான் தலை கான்கிரீட்டில் நசுங்கியிருக்கும். மெயின்தான் அணைந்திருக்கிறதே என்று கூரையில் உள்ள சிவப்புப் பொத்தானை அவர் அழுத்தி வைக்கவில்லை. அதை அழுத்தியிருந்தால் மின்சாரம் வந்தாலும் கூண்டு நகராது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

"நான் எங்கேடா பேசினேன்?" என்றார் ஆஸ்பத்திரியில். "டார்ச்சை வாயில கடிச்சிட்டு நட்டு முடுக்கிட்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தா டார்ச் ஏழு மாடி கீழே போயிருக்கும்."

டார்ச்சைக் காட்டினார். பல் பதிந்திருந்தது.

அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

விபத்து அறிக்கையை இங்கிலீஷில் எழுத வேண்டும். தலைமை அலுவலகம் வேறு நாட்டில். வாங்கிப் படிப்பவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர், சிரிக்காதவர், சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா.

முதல் முறை, தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். திரும்பி வந்தது.

"எது முன்னாடி, எது பின்னாடின்னே தெரியல. முடிஞ்சுபோன ரெண்டு விஷயத்தைச் சொல்றீங்க. அதுல எது முதல்ல முடிஞ்சுதோ, அதுக்கு 'ஹேட்' போடணும்."

இரண்டாவது முறை போட்டேன்.

"உப்பு மாதிரி எல்லா வரியிலயும் தூவியிருக்கீங்க. எல்லாமே முன்னாடி நடந்திருந்தா, பின்னாடி நடந்தது என்ன?"

மூன்றாவது முறை 'ஹேட்' இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. நான் ஸ்விட்ச் போட்ட பிறகு மச்சான் பேசியதாக அர்த்தம் வந்தது.

"இதைக் கோர்ட்டுல காட்டினா நேரா உள்ளேதான்," என்றார்.

மச்சான் படுக்கையில். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் ஓர் ஒற்றைச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு. பேப்பரைக் கிழித்தெறியலாம் போல வந்தது. நாலாவது முறை சரியாக அமைந்தது.

'ஐ ஸ்விட்ச்டு ஆன் ஆஃப்டர் ஹி ஹேட் செட் இட் த்ரீ டைம்ஸ்.' அவர் மூன்று முறை சொல்லி முடித்திருந்தார். அதற்குப் பிறகே போட்டேன்.

அதிகாரி வெகுநேரம் படித்தார். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"இங்கிலீஷ் இப்ப சரி. விஷயம்தான் தப்பு."

அடித்தார். மேலே எழுதினார்: 'பிஃபோர் ஹி ஹேட் கம் அவுட்.' அவர் வெளியே வந்திருக்கவில்லை. அதற்கு முன்பே நான் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். குரலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"இதுல கையெழுத்துப் போடுங்க."

"இதுவும் நடந்ததுதான் சார். ஆனா பாதி."

"பாதி போதும்."

போட்டால் என் லைசென்ஸ் போகும். போகட்டும். ஆனால் அக்கா புருஷனைக் கொல்லப் பார்த்தவன் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஐந்தாவது முறையும் என் வாக்கியத்தையே எழுதினேன். ஆறாவது முறையும். அதே சிவப்பு.

"திங்கட்கிழமை பத்து மணி. அதுக்கு மேல முடியாது," என்றார்.

மச்சானிடம் போனேன். "பக்கத்துல வேற யாரோ நம்ம சேனல்ல பேசியிருக்கான் மச்சான். அதே நாள், அதே நேரம் போய் நின்னா மாட்டுவான். நீங்க காதால கேட்டுச் சொன்னாப் போதும்."

"ஒத்தக் கையோட நான் வரணுமா? உங்கக்காவைக் கட்டிக்கிட்டப்போ உன்னையும் மேய்க்கணும்னு யாரும் சொல்லலையேடா."

வந்தார்.

ஞாயிறு. மதியம் 2 மணி. இந்த முறை நான் கூரைமேல். மச்சான் மோட்டார் அறையில். சிவப்புப் பொத்தானை அழுத்தி வைத்தேன். என் வாக்கிடாக்கியின் பேட்டரியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். என் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் போகக் கூடாது.

"மூணு தடவை இல்ல, முப்பது தடவை சொன்னாலும் ஸ்விட்சைப் போடாதீங்க. நான் படியேறி வந்து உங்க முன்னாடி நிக்கணும். அப்புறம்தான்."

"சரிடா வாத்தியாரே."

கூண்டு ஏழாவது மாடியில் நின்றது. என் தலைக்கு மேல் மோட்டார் அறையின் தளம். கயிறுகள் இறங்கும் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம். மச்சான் இருமுவதுகூடக் கேட்டது.

2:11. ஒன்றும் இல்லை.

2:15. ஒன்றும் இல்லை.

2:17...

மேலே மச்சானின் வாக்கிடாக்கி கரகரத்தது.

"வந்துட்டேன். வந்துட்டேன். வந்துட்டேன்."

என் குரல்.

பாக்கெட்டைத் தொட்டேன். பேட்டரி இருந்தது.

"நேர்ல வாடா," என்றார் மச்சான்.

"வர்றேன்," என்றது வாக்கிடாக்கியில் என் குரல்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். எண்ணினேன். பதினான்கு. நிதானமாக... ஒரே சீராக...

கதவு கிறீச்சிட்டது.

"என்னடா, படியேறி வந்தும் உனக்கு மூச்சே வாங்கல?"

பூட்ஸ் சத்தம் ஸ்விட்ச் பக்கம் நகர்ந்தது.

"சரி, தள்ளு. போடறேன்."

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

டக்.

மின்சாரம் வந்தது. கூண்டு நகரவில்லை. சிவப்புப் பொத்தான்மேல் என் கை.

"மச்சான்!"



இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. மச்சான் குனிந்திருக்கிறார். கிசுகிசுத்தார்.

"மாப்ள... நீ கீழேயா இருக்கே?"

"ஆமா."

"அப்ப... இங்க..."

ஓடினார். ஏழு மாடியையும் ஒற்றைக் கையோடு எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. நான் இறங்கி வந்தபோது தெருவில் நின்றிருந்தார். என் கையைக் கிள்ளிப் பார்த்தார். வீடு போய்ச் சேரும்வரை கிள்ளிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை பத்து மணி. இருவரும் போனோம். மச்சான்தான் சொன்னார், ஒன்று விடாமல். அதிகாரி குறுக்கே பேசவில்லை. எழுந்து கதவைத் தாழிட்டார். இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அறிக்கை. அதே கட்டிடம். அதே லிஃப்ட். 2:17.

நடுவில் ஒரு வரி சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது. என் வரி. ஒரு சொல்கூட மாறவில்லை. மேலே வேறு யாருடைய கையெழுத்திலோ: 'பிஃபோர் ஹி ஹேட் கம் அவுட்.'

கீழே, மெக்கானிக்கின் கையொப்பம். அதிகாரியுடையது.

"'ஹேட்' எங்கே போடணும்னு எனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு நினைச்சீங்க?" என்றார். "என்னையும் இப்படித்தான் எழுத வச்சாங்க. ஏழாவது தடவை முடியல. அவங்க எழுதினதுலயே கையெழுத்துப் போட்டுட்டேன். லைசென்ஸ் போச்சு, இந்த மேஜை கிடைச்சுது. கூரைமேல இருந்தது என் தம்பி."

"அவரு...?" என்றார் மச்சான்.

"அங்கேயே போயிட்டான்."

என் அறிக்கையை இழுத்தார். தான் எழுதியிருந்ததைத் தானே அடித்தார். என் வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"கதவுகிட்ட வந்து நின்னது... இவர் மாதிரியேவா?"

"அச்சு அசல் சார்."

அதிகாரி தலையாட்டினார்.

"என் தம்பி மாதிரி வந்து நின்னவனுக்கு நான் டீ ஊத்திக் கொடுத்தேன்," என்றார். "வாங்கிக் குடிச்சான். இன்னும் கொஞ்சம் கேட்டான். அப்புறம்தான் ஸ்விட்சைப் போட்டேன்."