கவ்வாத்துக்குத் தப்பாத கொடி

பூச்செடி விற்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: செடி கடையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடந்தாலும் பழி நம் தலையில்தான். செடி விற்றுக் கெட்ட பெயர் வாங்கியவர்களே, உங்களுக்குப் புரியும்.

நான் அளந்தது

ஹட்டனில் என் கடைக்கு றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வராணி அக்கா வந்தார். கொழுந்து பறிப்பவர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் ஒரு கொடியைப் படத்தில் பார்த்திருக்கிறாள். லீவில் வரும்போது தோட்டத்து லயத்தில் தங்கள் வீட்டு வாசலில் அது பூத்திருக்க வேண்டுமாம்.

அது விஸ்டீரியா. நம் குளிருக்கு நன்றாக வரும். "மூன்று வருசத்தில் பூக்கும்" என்று உறுதியாக அளந்துவிட்டேன்.

"மக வர்றதும் மூணு வருசத்துலதான் தம்பி. சாமியே பாத்துச் சொன்ன மாதிரி இருக்கு."

தேயிலை உரம்

இரண்டாம் வருசம் கொடி கூரையைத் தொட்டது. இலைதான், பூ இல்லை. அக்காவிடம் விசாரித்தால், அவர் கணவர் முத்தையா அண்ணன் தேயிலைக்குப் போடுகிற, இலையை மட்டும் வளர்க்கிற உரத்தை அள்ளிப் போட்டிருக்கிறார். அப்போதே ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

"கொழுந்து நல்லா வருது தம்பி, பறிச்சுத் தராசுல போட்டுறலாம் போல!"

முழங்கால் உயரம்

மூன்றாம் வருசம், மகள் வர ஒரு மாதம் இருக்கும்போது, அக்கா போனில் படம் அனுப்பினார். இலை உதிர்ந்த குச்சிகளில் சாம்பல் நிறத்தில் முடிச்சு முடிச்சாக இருந்தது. "இது நோயா தம்பி?" என்று கேட்டிருந்தார். அத்தனையும் மொட்டு! நான் அந்தப் படத்தைத் திறந்ததே மூன்று நாள் கழித்து.

ஓடினேன். முத்தையா அண்ணன் முப்பது வருசம் தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டியவர். மலையில் வெட்டுவது போலவே கொடியையும் வெட்டி முடித்திருந்தார். வெட்டுப்பட்ட குவியலில் மொட்டுகள் கிடந்தன.

"நோவு புடிச்ச குச்சியெல்லாம் எறக்கிட்டேன் தம்பி. முழங்கால் ஒசரத்துல நிக்குது, இனிமே தளதளன்னு வரும் பாருங்க."

மகள் கேட்டது

லீவு முடிந்து திரும்புகிற வாரம் மகள் கடைக்கு வந்தாள். அம்மா அனுப்பிய அதே படத்தைக் காட்டி, "இது மொட்டுத்தானே அண்ணே?" என்றாள். தலையாட்டினேன். உடனே பதில் போட்டிருந்தால் பூத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க அண்ணே. குளிருக்குப் பூக்கலன்னே இருக்கட்டும்."

இப்போதெல்லாம் 'வீட்டில் கவ்வாத்துக்காரர் உண்டா?' என்று விசாரித்துவிட்டுத்தான் கொடி விற்கிறேன். நம் மலையில் அப்படி ஒருவர் இல்லாத வீடு கிடைத்தால் வியாபாரம் நடக்கும்.